தாஃப் யோமி: தினம் ஒரு தாள் தல்மூத் – ஒரு கேள்வியும் தொடர் குறிப்புகளும்

10 ஜனவரி 2026 – கேள்வி

யூதர்கள் தினமும் தோரா படிக்கிறார்கள் என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கிறது. ஐந்து ஆகமங்களைத் திரும்பத் திரும்ப வாசிப்பது நம்மூர்ப் பாராயணம் போலத்தானே? ஒரு சமூகத்தின் வாழ்க்கையையே அது கட்டி நிறுத்துகிறது என்றால் எப்படி? எருசலேம் ஆலயம் இடிந்து 1,900 வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் பலிச் சட்டங்களை உட்கார்ந்து படிக்கிறார்களாம். யாருக்காக?

11 ஜனவரி, காலை

பாராயணம் இல்லை. பாராயணத்தில் ஓசைதான் உயிர், பொருள் தெரியாமல் ஓதினாலும் பலன் உண்டு என்பார்கள். யூத மரபில் எழுத்துத் தோராவுக்கு, அதாவது ஆதியாகமம் முதல் உபாகமம் வரைக்கு, அந்தச் சலுகை ஓரளவு இருக்கிறது. வாய்மொழித் தோராவுக்கு இல்லை. மிஷ்னாவையும் கெமாராவையும் புரியாமல் ஓட்டினால் படித்த கணக்கில் சேராது என்கிறார்கள் சட்ட அறிஞர்கள்.

'தோரா படிக்கிறேன்' என்று அவர்கள் சொல்லும்போது பெரும்பாலும் கையில் இருப்பது தல்மூத்தான். ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பு, அதன்மேல் பாபிலோனிய அறிஞர்கள் தலைமுறை தலைமுறையாக நடத்திய வாதமான கெமாரா, இரண்டும் சேர்ந்தது அது. முடிவை விட வாதத்துக்கே அதில் இடம் அதிகம். தோற்ற தரப்பின் காரணமும் அப்படியே நிற்கும்.

அன்றாட வாழ்வில் இதன் அடுக்குகள் பல. வாராந்தர பராஷா ஒன்று: ஐந்து ஆகமங்கள் 54 பகுதிகளாகப் பிரிந்து ஒரு வருடத்தில் முடியும். இந்த வாரம் ஓடுவது 'வாஏரா', யாத்திராகமம் 6:2இலிருந்து. ஜெப ஆலயத்தில் சனிக்கிழமை ஏழு பேரை அழைத்து முழுப் பகுதியையும் சுருளிலிருந்து வாசிப்பார்கள். திங்களும் வியாழனும் மூன்று பேர், குறைந்தது பத்து வசனம். இது ஊருக்கான வாசிப்பு. இது போக ஒவ்வொருவரும் அந்த வாரப் பகுதியை மூலத்தில் இரண்டு முறையும் ஒன்கெலோஸின் அரமேய மொழிபெயர்ப்பில் ஒரு முறையும் தானாகப் படித்து முடிக்க வேண்டும் என்பது தல்மூத் காலத்து விதி. கடைசி அடுக்கு, தினப்படி தாள். நீங்கள் கேட்டதற்கு உண்மையான பதில் அதில் இருக்கிறது.

11 ஜனவரி, இரவு

தினப்படி தாள் என்றால் தாஃப் யோமி. போலந்தைச் சேர்ந்த ரப்பி (யூத மத ஆசான்) மெயிர் ஷாபிரோ 1923 ஆகஸ்டில் வியன்னாவில் கூடிய அகுதாத் இஸ்ரேல் என்ற மரபுவழி யூத அமைப்பின் மாநாட்டில் முன்வைத்த திட்டம். அதே வருடம் செப்டம்பர் 11, யூதப் புத்தாண்டன்று, தல்மூதின் முதல் நூலான பெராஹோத்தின் 2ஆம் தாளில் தொடங்கியது. தாள் என்றால் முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் சேர்ந்தது. எல்லா நூலும் 2இல்தான் தொடங்கும், தலைப்புத் தாள் ஒன்றாகக் கணக்காகிவிடுவதால்.

இப்போது ஒரு சுற்றுக்கு மொத்தம் 2,711 தாள், அதாவது ஏழு வருடம் ஐந்து மாதம். முதல் ஏழு சுற்றுகளில் 2,702தான். ஷெகாலிம் என்ற நூலுக்குப் பாபிலோனியக் கெமாரா கிடையாது, எருசலேம் தல்மூதிலிருந்து எடுத்துச் சேர்க்கிறார்கள். 1975இல் எட்டாம் சுற்றில் அதற்கு வேறு பதிப்பின் தாள் எண்ணை எடுத்துக்கொண்டதால் ஒன்பது கூடியது.

இன்று இந்த வரிசையில் இருப்பவர்கள் அனைவரும், புரூக்ளினிலும் எருசலேமிலும் ஆன்ட்வெர்ப்பிலும், செவாஹிம் 120இல் இருக்கிறார்கள். மிருக பலி பற்றிய நூலின் கடைசித் தாள். நாளை மெனாஹோத் 2, மாவுப் பலி. ஷாபிரோவின் வாதங்களில் ஒன்று இதுதான்: மக்கள் பெராஹோத், ஷப்பாத் போன்ற பழகிய நூல்களையே சுற்றிச் சுற்றிப் படிக்கிறார்கள், பலிச் சட்ட நூல்கள் அநாதையாகக் கிடக்கின்றன. எது பிடிக்கும் என்று படிப்பவர் தேர்ந்தெடுக்கக் கூடாது, நாட்காட்டி தேர்ந்தெடுக்கட்டும். இந்த விசுவாசத்தின் வடிவம் அந்த ஒரு முடிவில் இருக்கிறது என்று நினைக்கிறேன். மனசு வந்தால் படிப்பேன் என்பதற்கு இங்கே இடமே இல்லை.

13 ஜனவரி

'ஒரு தாள்தானே, பத்து நிமிடம் ஆகுமா?' என்று கேட்டிருக்கிறார் ஒருவர்.

ஆசிரியர் நடத்தும் வகுப்பு, ஷியூர், வழக்கமாக 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். தாளைப் பார்த்தால் காரணம் தெரியும். நடுவில் கொட்டை எழுத்தில் மிஷ்னாவும் கெமாராவும். தைத்த ஓரத்தை ஒட்டி ராஷியின் உரை (துரோவா நகரத்தார், 1105இல் இறந்தவர்). வெளி ஓரத்தில் தோசாஃபோத், ராஷியின் பேரன்மாரும் அவர்கள் வழிவந்தவர்களும் எழுப்பிய முரண்களும் தீர்வுகளும். விளிம்பில் பொடி எழுத்தில் மற்ற இடங்களுக்கான குறிப்புகள். 1520களில் வெனிஸில் பொம்பெர்க் அச்சகம் போட்ட தாள் எண்களே இன்றும். இப்போது எல்லோரும் பார்க்கும் வடிவம் 1880களில் வில்னாவில் ரோம் குடும்பத்தார் அச்சிட்டது.

நடுப்பகுதியில் உயிர்க்குறி இல்லை. வாக்கியம் எங்கே முடிகிறது என்பதற்கு ஒரு முக்காற்புள்ளி மட்டும், அதுவும் அபூர்வமாக. கேள்விக்குறி கிடையாது. ஒரு வரி கேள்வியா முடிவா என்பதைப் படிப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். புதியவர் விழும் முதல் குழி இது. கேள்வியை முடிவாக வாசித்தால் அடுத்த ஆறு வரியும் தலைகீழாகப் போகும்.

அதற்கு வழி, சமிக்ஞைச் சொற்களை முதலில் பழகுவது. 'தானு ரப்பானான்' வந்தால் மிஷ்னா காலத்து மேற்கோள் வருகிறது. 'மெய்திவீ' வந்தால் பழைய மூலத்திலிருந்து ஆட்சேபம். 'தா ஷ்மா' என்றால் சான்று. 'இபாயா லெஹூ' என்றால் சபையில் எழுந்த ஐயம். இருபது முப்பது சொல் போதும், பக்கத்தின் எலும்புக்கூடு தெரிந்துவிடும். தொடங்கும்போது பென்சிலால் ஓரத்தில் கே, ஆ, சா என்று குறித்துக்கொண்டு போவது நல்லது. சபாத் (சனிக்கிழமை ஓய்வுநாள்) அன்று எழுதக் கூடாது, அன்றைய தாளை வெள்ளி பகலிலேயே ஒரு ஓட்டம் பார்த்துக் குறித்துவிட வேண்டும். கைபேசியில் மட்டும் படிப்பவர்கள் இங்கேதான் அறுந்து போகிறார்கள். சபாத்திலும் திருநாளிலும் கைபேசி தொட முடியாது. அச்சுப் புத்தகம் வீட்டில் இருந்தே ஆக வேண்டும்.

14 ஜனவரி

காலை ஆசீர்வாதம் பற்றி ஒரு வரி விட்டுப்போயிற்று. எழுந்ததும் தோராவுக்கான ஆசீர்வாதங்களைச் சொல்வார்கள். சொன்ன கையோடு எண்ணாகமம் 6:24–26, பிறகு பேயா நூலின் முதல் மிஷ்னா. ஆசீர்வாதம் சொல்லிவிட்டு எதுவும் படிக்காமல் விடக் கூடாது என்பதற்காக அங்கேயே சிறு துண்டு படித்துவிடுகிறார்கள். சுவையான இடம் அடுத்து வருகிறது. சுக்கோத் திருநாளின் குடிலில் உட்காரும்போதெல்லாம் ஆசீர்வாதம் உண்டு. தோராவை மதியம் மறுபடி திறந்தால் ஏன் இல்லை? தோசாஃபோத் (பெராஹோத் 11) சொல்லும் பதில்: தோராவிலிருந்து மனசை எடுக்கும் நேரமே ஒருவனுக்கு இல்லை, எந்நேரமும் கடமை இருக்கிறது. நடுவில் கடைக்குப் போனாலும் அது இடைவேளை, முடிவு கிடையாது.

17 ஜனவரி, இரவு

ஹவ்ரூத்தா என்றால் என்ன என்று கேட்டவருக்கு. இருவராக உட்கார்ந்து படிப்பது. ஒருவர் ஒரு தொடரை உரக்க வாசித்துப் பொருள் சொல்வார். மற்றவர் உடனே இடிப்பார்: இந்த வார்த்தை எதற்கு, போன பக்கத்தில் வேறு மாதிரி இருந்ததே. தீர்ந்தால் அடுத்த தொடர். தீராவிட்டால் ராஷி. அப்புறமும் தீராவிட்டால் தோசாஃபோத். யெஷிவா என்ற தோராப் பள்ளியின் படிப்பு மண்டபத்தில் நூறு ஜோடி ஒரே நேரத்தில் இப்படிக் கத்திக்கொண்டிருக்கும், நூலகத்தின் அமைதியை அங்கே தேடக் கூடாது.

பழுதாவது மூன்று காரணத்தால். இருவருக்கும் தரம் ரொம்ப வித்தியாசப்பட்டால் ஒருவர் ஆசிரியராகிவிடுவார். இருவரும் நல்ல நண்பர்களாக இருந்தால் அரட்டை. மூன்றாவதுதான் மோசம்: இருவரும் எப்போதும் ஒத்துப்போவது.

பாவா மெட்ஸியா என்ற நூலின் 84ஆம் தாளில் இதற்கு ஒரு கதை உண்டு. ரப்பி யோஹனானின் படிப்புத் துணை ரேஷ் லாகிஷ். அவர் இறந்ததும் துக்கத்தில் இருந்தவருக்கு ஆறுதலாக எலாசார் பென் பெதாத்தை அனுப்புகிறார்கள். அவர் கூர்மையானவர், யோஹனான் எதைச் சொன்னாலும் 'உங்களுக்கு ஆதரவாக ஒரு மூலம் இருக்கிறது' என்று எடுத்துக் கொடுக்கிறார். யோஹனானுக்குத் தாங்கவில்லை. ரேஷ் லாகிஷ் ஒவ்வொன்றுக்கும் 24 ஆட்சேபம் எழுப்புவான், நான் 24 பதில் சொல்வேன், சட்டம் தானாக விரியும். நான் சொல்வது சரி என்று எனக்குத் தெரியாதா, அதை நீ சொல்ல வேண்டுமா என்று அழுதுகொண்டு திரிகிறார். ஆமாம் போடுகிறவரால் தோரா வளராது என்பதைச் சிறுவயதிலேயே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள்.

18 ஜனவரி

ஒரு மாதிரி கேட்டிருந்தீர்கள். பாவா மெட்ஸியா 21. பல பள்ளிகளில் பிள்ளைகளுக்கு முதன்முதலில் கற்பிக்கும் கெமாரா பகுதிகளில் ஒன்று, வழியில் கிடந்த பொருள் யாருக்கு?

மிஷ்னா பட்டியல் போடுகிறது. சிதறிய பழம், சிதறிய காசு, கடைக்காரர் சுட்ட ரொட்டி, கோத்த மீன் சரம்: எடுத்தவருக்கே. பையோடு கிடக்கும் காசு, கலத்தோடு கிடக்கும் பழம், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மூன்று காசு: ஊரறியச் சொல்லி உரியவரைத் தேட வேண்டும். உரியவர் அடையாளம் சொல்லி மீட்க வழி இருக்கிறதா, இல்லை என்று மனம் விட்டிருப்பாரா என்பதுதான் அடிப்படை.

கெமாரா உடனே கேட்கிறது: சிதறிய பழம் என்றால் எவ்வளவு? நான்கு முழத்தில் ஒரு காப் என்கிறார் ரப்பி இட்ஸ்ஹாக். நான்கு முழம் ஏறத்தாழ இரண்டு மீட்டர், காப் ஒன்றே கால் லிட்டர் சுமார். தானாக விழுந்ததென்றால் அதிகம் இருந்தாலும் எடுக்கலாமே, வேண்டுமென்றே வைத்ததென்றால் குறைவாக இருந்தாலும் கூடாதே? களத்தில் அள்ளும்போது விட்டுப்போனதைப் பற்றிய பேச்சு இது என்கிறார்கள். அந்த அளவைப் பொறுக்கும் சிரமத்துக்கு உரியவர் திரும்பி வரமாட்டார்.

அப்போது ரப்பி யிர்மியா வருகிறார். இரண்டு முழத்தில் அரைக் காப் என்றால்? எட்டு முழத்தில் இரண்டு காப் என்றால்? எள்ளு ஒரு காப் என்றால், பொறுக்கச் சிரமம் ஆனால் விலை அதிகம், அப்போது? பேரீச்சை, மாதுளை? கெமாராவின் பதில் ஒரே சொல்: தேய்கு. கேள்வி நிற்கட்டும்.

இது படிப்பவரைப் பிடித்துக்கொள்ளும். வீதியில் கிடக்கும் பணப்பையைக் கண்டால் 'அடையாளம் இருக்கிறதா?' என்ற கேள்விதான் முதலில் எழும்.

18 ஜனவரி, சற்றுக் கழித்து

யிர்மியாவைப் பற்றி இன்னொன்று. பாவா பத்ரா 23இல் புறாக்குஞ்சு விவகாரம். கூண்டிலிருந்து ஐம்பது முழத்துக்குள் கிடந்தால் கூண்டுக்காரருக்கு, வெளியே என்றால் கண்டவருக்கு. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே இருந்தால்? கேட்டதும் அவரைப் படிப்பு மண்டபத்திலிருந்து வெளியேற்றினார்கள் என்கிறது கெமாரா. அதே நூல் 165இல் அவர் பணிவாக ஒரு பதில் சொல்ல, திரும்பச் சேர்த்துக்கொள்கிறார்கள். தாஃப் யோமி வேகத்தில் இடையே 142 நாள். வகுப்பில் யாராவது 'அவர் எப்போது வருவார்?' என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

21 ஜனவரி

இன்று மெனாஹோத் 11. பலிச் சட்டத்தை யாருக்காகப் படிக்கிறார்கள் என்ற முதல் கேள்விக்கு இந்தத் தாள் பொருத்தம்.

லேவியராகமம் 2:2 போஜனபலியில் ஆசாரியன் ஒரு கைப்பிடி மாவு எடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. அடிப்படை அளவு எப்பாவில் பத்தில் ஒரு பங்கு மெல்லிய மாவு, ஒரு லோக் எண்ணெய், ஒரு கைப்பிடி தூபவர்க்கம். தூபவர்க்கத்தை முதலில் ஒரு ஓரமாக ஒதுக்கிவைப்பார்கள், கைப்பிடிக்குள் வரக் கூடாது. மூன்று விரலை உள்ளங்கைக்கு மடக்கி எடுக்க வேண்டும். ஒரு சிறுகல், ஒரு உப்புக்கல், ஒரு தூபவர்க்கத் துணுக்கு உள்ளே சிக்கினால் செல்லாது, அந்த இடத்து மாவு குறைந்துவிட்டது. பிதுங்கினாலும் செல்லாது, அதிகமாகிவிட்டது. கல்லிலும் சட்டியிலும் சுட்டுப் பிய்த்துப் போட்ட வகையில் மேலே பிதுங்குவதைக் கட்டைவிரலாலும் கீழே பிதுங்குவதைச் சுண்டுவிரலாலும் சமன்செய்ய வேண்டும்.

ஆலயத்தில் இதுதான் மிகக் கடினமான பணி என்று ஒரு மூலம். கெமாரா விடுமா? பறவையின் கழுத்தைக் கிள்ளுவது இல்லையா? பாவநிவர்த்தி நாளில் தூபத்தைக் கையில் அள்ளுவது இல்லையா? சரி, 'கடினமான பணிகளில் ஒன்று' என்று திருத்துகிறார்கள். திருத்தத்தை மட்டும் எழுதிவிட்டு முதல் வாக்கியத்தை அழித்திருக்கலாம். அழிக்கவில்லை. படிப்பவர் திருத்தத்தின் வழியாகவே போக வேண்டும். வகுப்பில் பலரும் ஒரு கிண்ணத்தில் மாவை வைத்து விரலை மடக்கிப் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் இந்த வரி தலையில் ஏறாது.

இதில் விசுவாசம் எங்கே என்றால், இரண்டு இடத்தில். இந்த நூலின் முதல் மிஷ்னா, கைப்பிடி எடுக்கும்போது மனசில் வேறு பலியை நினைத்தால் பலி செல்லும், கொண்டுவந்தவரின் கடன் தீராது என்கிறது. செயலுக்குள் இருக்கும் எண்ணத்தை இவ்வளவு நுணுக்கமாக எடைபோடும் பழக்கம் ஜெபத்துக்கும் வருகிறது. இரண்டாவது, இதே நூலின் 110ஆம் தாள்: பாவநிவாரண பலியின் தோராவில் ஈடுபடுபவர் பாவநிவாரண பலி செலுத்தியவர் போல. ஆலயம் இல்லாதபோது படிப்பே பலியின் இடத்தில் நிற்கிறது. 'யாருக்காக?' என்ற கேள்விக்கு அவர்கள் பதில் அதுதான்.

25 ஜனவரி

'தினம் ஒரு தாள் படித்து, தினம் ஒரு தாள் மறக்கிறார்கள். இது ஓட்டப்பந்தயம்' என்று ஒருவர். நியாயமான குற்றச்சாட்டு, யெஷிவா உலகத்துக்குள்ளேயே பழையது.

யெஷிவாவில் காலை அமர்வு ஆழ்ந்த படிப்பு. சில வரியை எடுத்து நாள் கணக்கில் தோண்டுவார்கள். மதிய அமர்வு அகலப் படிப்பு, தாள்கள் நகரும். இரவு அமர்வு பெரும்பாலும் மீள்பார்வை. தாஃப் யோமி முழுக்க அகலம்தான். தோசாஃபோத்தைத் தொடவே நேரம் இருக்காது. மறதிக்கு ஓரளவு மருந்து: முந்தைய நாள் தாளுக்கு ஐந்து நிமிடம் வகுப்புக்கு முன், சபாத் மதியம் ஏழு தாளும் ஒரு ஓட்டம், நூல் முடிந்ததும் மிஷ்னாக்களை மட்டும் தனியாக. திர்ஷு என்ற அமைப்பு மாதாமாதம் தேர்வு வைக்கிறது, அதற்காகவே பலர் திருப்பிப் படிக்கிறார்கள்.

தவறவிட்டால் என்ன செய்வது என்பதில் எனக்குத் திடமான கருத்து உண்டு. மூன்று நாள் போனால் நான்காம் நாள் நான்கையும் படிக்க உட்காராதீர்கள். அன்றைய தாளைப் படியுங்கள், விட்டதைக் குறித்துவையுங்கள், மெல்ல அடையுங்கள். வரிசையை விட்டுப் போகிறவர்களில் பெரும்பாலோர் இந்தப் பாக்கி மலையால்தான் போகிறார்கள். சபாத்தில் பொருள் சுமக்கும் எல்லைகளைப் பற்றிய எருவீன் நூல் ஒரு தனிப் பள்ளம்: சந்துகள், முற்றங்கள், குறுக்கு விட்டங்கள், வரைபடம் இல்லாமல் ஒன்றும் புரியாது. இறந்த சகோதரனின் மனைவியை மணப்பது பற்றிய யெவாமோத் இன்னொன்று, முதல் மிஷ்னாவிலேயே 15 வகை உறவுக்காரப் பெண்கள். உறவு மரத்தைத் தாளில் வரைந்துகொண்டே போக வேண்டும்.

26 ஜனவரி

நேற்று எழுதியதை யோசித்தேன். ஆழமா அகலமா என்று மட்டும் பார்த்தால் முக்கியமானது விட்டுப்போகிறது. ஷப்பாத் 31இல் ஒரு பட்டியல் இருக்கிறது, இறந்தபின் தீர்ப்பில் மனிதனிடம் கேட்கப்படும் கேள்விகள். முதலாவது: கொடுக்கல் வாங்கலில் நேர்மையாக இருந்தாயா? இரண்டாவது: தோராவுக்கு நேரம் நிர்ணயித்தாயா? எவ்வளவு தெரியும் என்று கேட்கவில்லை. ஷுல்ஹான் ஆரூஹ் என்ற சட்டத் தொகுப்பு இதைச் சட்டமாக்குகிறது: காலை ஜெபம் முடிந்ததும் படிப்புக்கு ஒரு நேரம், பெரிய லாபம் வரும் என்றாலும் அதை விடக் கூடாது. தினம் இவ்வளவு என்று வைத்தவர் பகலில் முடியாமல் போனால் இரவில் அடைக்க வேண்டும், கடன் போல.

அதனால்தான் கடைக்காரரும் கணக்காளரும் விடியற்காலை ஐந்தரை மணி வகுப்பில் இருக்கிறார்கள். நியூயார்க்கில் லாங் ஐலண்ட் ரயிலில் வேலைக்குப் போகும் வழியிலேயே பல வருடமாக ஒரு வகுப்பு நடந்து வந்திருக்கிறது. 14ஆம் சுற்றில் ஷப்பாத் நூல் தொடங்கியது 2020 மார்ச் 8. சில நாளில் ஜெப ஆலயங்கள் பூட்டின. வகுப்புகள் தொலைபேசிக்கும் காணொளிக்கும் போயின, தாள் எண் ஒரு நாள்கூட நிற்கவில்லை.

8 பிப்ரவரி

மெனாஹோத் 29. பின்பக்கத்தில் ஒரு கதை: மோசே, தனக்கு வெகுகாலம் பின்வந்த ரப்பி அகிவாவின் வகுப்பில் எட்டாம் வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். பேசுவது ஒன்றும் புரியவில்லை, தெம்பு போகிறது. ஒரு மாணவன் 'ரப்பி, இது உங்களுக்கு எங்கிருந்து தெரியும்?' என்று கேட்க, 'சீனாயில் மோசேக்குக் கொடுக்கப்பட்ட சட்டம்' என்கிறார் அகிவா. மோசேக்கு மனம் ஆறுகிறது. தோரா கொடுத்தவருக்கே புரியாத அளவுக்கு வளரலாம், ஆனாலும் அது அவருடையதே. மரபு, மாற்றம் இரண்டையும் பற்றி யூதர்கள் நினைப்பதெல்லாம் இந்த அரைப்பக்கத்தில் இருக்கிறது. இன்று நேரம் இல்லாதவர்கள் இதையாவது படியுங்கள்.

15 பிப்ரவரி

பெண்கள்? நெடுங்காலம் தல்மூத் அவர்களுக்குத் திறக்கவில்லை. 1917இல் சாரா ஷெனிரர் கிராக்கோவில் தொடங்கிய பெய்ஸ் யாக்கோவ் பள்ளிகள் ஆகமமும் சட்டமும் கற்பித்தன, கெமாராவைத் தொடவில்லை. நெஹாமா லெய்போவிட்ஸ் 1942 முதல் வாராந்தர பராஷாவுக்குக் கேள்வித்தாள் தயாரித்து அனுப்பினார். ஆயிரக்கணக்கானோர் விடையெழுதித் தபாலில் அனுப்ப, அவரே சிவப்பு மையில் திருத்தினார். 1977இல் நியூயார்க்கின் ஸ்டெர்ன் கல்லூரியில் ரப்பி யோசேப் சோலோவெய்ச்சிக் பெண்களுக்குத் தல்மூத் வகுப்பைத் தொடங்கிவைத்தார். 2020 ஜனவரியில் 13ஆம் சுற்று முடிந்தபோது எருசலேமில் ஹத்ரான் அமைப்பு நடத்திய நிறைவு விழாவுக்கு மூவாயிரம் பெண்கள் வந்தார்கள். ஹரேதி (தீவிர மரபுவழி) சமூகங்களில் இன்றும் நிலை மாறவில்லை.

2 மார்ச்

படிக்கக் கூடாத நாள் உண்டா என்று கேள்வி. உண்டு. ஆலயம் இடிந்த, ஆவ் என்ற யூத மாதத்தின் 9ஆம் நாள் துக்க நோன்பில் தோரா படிப்புக்குத் தடை, காரணம் அது மனசை மகிழ்விக்கும். யோபு, புலம்பல், எரேமியாவின் துயரப் பகுதிகள், தல்மூதின் கித்தின் நூலில் வரும் அழிவுக் கதைகள், மோயெத் காத்தான் நூலின் மூன்றாம் அதிகாரத்துத் துக்கச் சட்டங்கள் மட்டும் அனுமதி. உறவினர் இறந்து ஏழு நாள் தரையில் உட்காருபவருக்கும் அதே விதி. தாஃப் யோமிக்காரர்கள் அன்றைய தாளை முன்கூட்டியோ நோன்பு முடிந்த இரவிலோ படித்துக்கொள்கிறார்கள். உணவோடும் குளியலோடும் படிப்பும் சுகங்களின் பட்டியலில் நிற்கிறது, பாருங்கள்.

மரணத்தோடு வேறொரு தொடர்பும் உண்டு. இறந்தவரின் நண்பர்கள் மிஷ்னாவின் 63 நூல்களையும் தங்களுக்குள் பங்குபோட்டு முப்பதாம் நாளுக்குள் முடிப்பார்கள். ஜெப ஆலயத்துச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும், பெயரை எழுதிக்கொள்ளலாம். சின்ன நூல்கள் முதலில் போய்விடும், 30 அதிகாரம் கொண்ட கெலீம் கடைசிவரை காலியாக நிற்கும்.

11 மார்ச்

'வேலைக்கே போகாமல் படித்துக்கொண்டிருப்பது?' இதைத் தவிர்க்க முடியாது. இஸ்ரேலில் முழுநேரம் படிக்கும் ஹரேதி இளைஞர்களுக்கு ராணுவ விலக்கு அரசின் தொடக்க நாட்களிலிருந்து உண்டு. அப்போது அது சுமார் 400 பேர். எண்ணிக்கை பல மடங்காகி, விலக்குக்குச் சட்ட அடிப்படை இல்லை என்று 2024 ஜூன் 25இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. இன்னும் கொதித்துக்கொண்டிருக்கிறது.

மூலங்கள் ஒரே குரலில் பேசவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் மைமோனிதேஸ் கடுமையாகச் சொல்கிறார்: வேலை செய்யாமல் தர்மத்தில் பிழைத்துத் தோரா படிப்பேன் என்பவர் இறைவனின் பெயரைக் களங்கப்படுத்துகிறார். அவர் தரும் கால அட்டவணையில் கைவினைஞர் மூன்று மணி நேரம் தொழில், ஒன்பது மணி நேரம் படிப்பு. பெரும் அறிஞர்களில் விறகுவெட்டிகளும் தண்ணீர் சுமந்தவர்களும் இருந்தார்கள் என்றும் எழுதுகிறார். பின்னால் வந்த அறிஞர்கள் பலர் அவரை மறுத்து, ஊர் தாங்காவிட்டால் தோரா அழிந்துவிடும் என்றார்கள். என் பார்வையில் மைமோனிதேஸ் பக்கம்தான் நியாயம். தாஃப் யோமியின் பெருமையே வேலைக்குப் போகிறவர்களை உள்ளே கொண்டுவந்ததில் இருக்கிறது.

1 ஏப்ரல்

இன்று பஸ்காவுக்கு முந்திய நாள், தலைப்பிள்ளைகளுக்கு நோன்பு. ஒரு நூலைப் படித்து முடிக்கும் விருந்தில் கலந்துகொண்டால் நோன்பு விலகும். ஆனால் இன்றைய தாள் மெனாஹோத் 81, நூல் முடிய இன்னும் ஒரு மாதம். அதனால் ரப்பிகள் வாரக்கணக்கில் முன்பே வேறொரு சின்ன நூலைத் தனியாக எடுத்துப் படித்து, கடைசிச் சில வரிகளை மட்டும் இன்று காலைக்கென்று நிறுத்திவைப்பார்கள். ஜெபம் முடிந்ததும் அதை வாசித்து விளக்கி முடித்தால் சுற்றி நிற்கும் தலைப்பிள்ளைகள் எல்லோரும் கேக் சாப்பிடலாம். புளித்த மாவுக்கான நேரம் காலையிலேயே முடிந்துவிடும் என்பதால் அவசரம் அவசரமாக.

19 ஏப்ரல்

மெனாஹோத் 99. 'இந்த நியாயப்பிரமாண புஸ்தகம் உன் வாயைவிட்டுப் பிரியாதிருப்பதாக' என்ற யோசுவா 1:8க்குக் குறைந்தபட்ச அளவு என்ன? காலை ஒரு அதிகாரம், மாலை ஒரு அதிகாரம் போதும். ரப்பி ஷிமோன் பார் யோஹாய் பெயரால் யோஹனான் இன்னும் குறைக்கிறார்: காலையும் மாலையும் ஷேமா ஜெபம் சொன்னாலே கடமை தீர்ந்தது. ஆனால் இதைப் படிக்காத மக்களிடம் சொல்லக் கூடாது என்கிறார். ராவா எதிர்க்கிறார்: அவர்களிடம் சொல்வதுதான் புண்ணியம். ராஷி பக்கத்தைப் பாருங்கள், இவ்வளவுக்கே இத்தனை பலன் என்றால் நாள் முழுக்கப் படிப்பவருக்கு எவ்வளவு என்று அவர்கள் யோசித்துப் பிள்ளைகளைப் படிக்க அனுப்புவார்களாம். அடுத்த வரிகளில் பென் தாமா வருகிறார், தோரா முழுவதும் படித்துவிட்டேன், கிரேக்க ஞானம் படிக்கலாமா என்று. பகலும் இல்லாத, இரவும் இல்லாத ஒரு நேரம் கண்டுபிடித்து அதில் படி என்கிறார் மாமா ரப்பி இஸ்மவேல். அதையும் இன்னொருவர் மறுக்கிறார். குறைந்தது எவ்வளவு என்று நீங்கள் கேட்டிருந்தீர்களே, மூன்று பதில் கிடைத்துவிட்டது.

30 ஏப்ரல்

மெனாஹோத் முடிகிறது. முடிக்கும்போது சொல்லும் ஹத்ரான் வாசகம் நூலைப் பார்த்தே பேசுகிறது: உன்னிடம் திரும்பி வருவோம், நீயும் எங்களிடம் திரும்பி வா, உன்னை மறக்கமாட்டோம், நீயும் எங்களை மறக்காதே. பிறகு ராவ் பாப்பாவின் பத்து மகன்களின் பெயர், நீண்ட கதீஷ் ஜெபம், சாப்பாடு.

நடுவில் சேரலாமா என்று கேட்டவருக்கு: 15ஆம் சுற்று 2027 ஜூன் 8இல்தான் தொடங்கும், அதுவரை காத்திருக்காதீர்கள். நாளை ஹுல்லீன் 2, 141 தாள், உணவுச் சட்டம். பலி நூல்களைவிடத் தரையில் கால் படும். அறுப்பைக் கெடுக்கும் ஐந்தை முதலில் மனப்பாடம் செய்யுங்கள்: இடையில் நிறுத்துவது, கத்தியை அழுத்துவது, கத்தி மறைந்து போவது, இடம் தவறுவது, குழாய் பிய்ந்து வருவது. 42ஆம் தாளுக்கு முன் ஆட்டு நுரையீரலின் படம் ஒன்று தேடி வைத்துக்கொள்ளுங்கள், மடல்கள் எண்ணோடு. ரப்பி ஸ்டைன்சால்ட்ஸ் 1965இல் தொடங்கி 2010இல் முடித்த எபிரேயப் பதிப்பில் நிறுத்தக்குறிகள் இருக்கின்றன. அதன் ஆங்கில வடிவம் செஃபாரியா தளத்தில் இலவசம். சபாத்துக்கு அச்சுப் புத்தகம் வாங்க மறக்காதீர்கள், நாளை வெள்ளிக்கிழமை.